நூறு பனியன் அதிகம்

1996இல் அவிநாசி லட்சுமணசாமியின் பனியன் கம்பெனிக்கு ஐரோப்பாவிலிருந்து முதல் நேரடி ஆர்டர் வந்தது. மறுவாரமே அவர் கோவையில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். தெற்காசிய நாடுகள் ஒரு கூட்டு, ஐரோப்பிய நாடுகள் ஒரு கூட்டு, இரண்டும் கைகோத்தால் சுவர்கள் எல்லாம் சரியும் என்று ஏ.சி. ஹாலில் பேசினார்களாம். முந்திரி பக்கோடாவும் உண்டாம். அதையெல்லாம் அவர் பேக்கிங் பகுதியில் நாற்காலி போட்டு அரை மணி நேரம் சொன்னார். பதினோரு வருஷமாக அங்கே பெட்டி கட்டும் தெய்வாத்தாள் நின்றபடி கேட்டாள்.

"இனி ஒலகமே ஒரு சந்தை அம்மணி."

"நம்ம வாரச் சந்தையாட்டங்களா?"

"அதேதான். பொட்டிக்கு ரெண்டு சேத்தி வெய்யுங்க. வெள்ளக்காரன் மனசு குளுந்துபோயிரும்."

உள்ளூர் வியாபாரிகளுக்கு டஜனுக்கு ஒன்று கொசுறு வைப்பது அவர் அப்பா காலத்துப் பழக்கம்.

"சீட்டுல பொட்டிக்குத் தொண்ணூத்தாறுன்னு போட்டிருக்குதுங்களே?"

"சீட்டுக் கெடக்குது. மனசு பெருசா இருக்கோணும்."

தெய்வாத்தாள் வைத்தாள். ஐம்பது பெட்டி, நூறு பனியன் அதிகம்.

சரியாத சுவர் ஒன்று சரக்கு இறங்கிய ஐரோப்பியத் துறைமுகத்தில் பாக்கி இருந்தது. உள்ளே விடக் கோட்டா அனுமதி நாலாயிரத்து எண்ணூறு பனியனுக்குத்தான். எண்ணிப் பார்த்த சுங்க அதிகாரிகள் மொத்தச் சரக்கையும் நிறுத்தி, விளக்கம் கேட்டு ஃபேக்ஸ் அனுப்பினார்கள். பெரிய மனசுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

லட்சுமணசாமி ஒரு கடிதம் அடித்துத் தெய்வாத்தாளிடம் கையெழுத்துக்கு நீட்டினார். இங்கிலீஷ். அவள் அதை டைப்பிஸ்ட் லோகப்பிரியாவிடம் கொண்டுபோனாள்.

"பேக்கிங் தெய்வாத்தாளோட கவனக்குறைவு, அவங்கள வேலையிலிருந்து நீக்கியாச்சுன்னு இருக்குதுங்கக்கா."

தெய்வாத்தாள் முதலாளியிடம் திரும்பி வந்து நின்றாள். "நீக்கிப்போட்டீங்களா?"

"பேப்பர்லதான் அம்மணி. நாளைக்கு எப்பவும்போல வாங்க. சரக்கு வெளிய வரலீன்னா கம்பெனியே இருக்காது."

நாற்பது பேர் பிழைப்பு என்று கையெழுத்துப் போட்டாள். சரக்கு வெளியே வந்தது. கடிதத்தின் நகல் சரக்கு வாங்குபவர்களுக்கும் ஏற்றுமதியாளர் சங்கத்துக்கும் போயிருந்ததை லோகப்பிரியா பிறகுதான் சொன்னாள். இனி அவிநாசியில் வேறு எந்தக் கம்பெனியும் தெய்வாத்தாளைச் சேர்க்காது. லட்சுமணசாமிக்கோ அடுத்த கருத்தரங்கில் மேடையிலேயே இடம் கிடைத்தது. தலைப்பு, ஏற்றுமதியில் ஒழுங்கு.

"அந்தக் கடுதாசிய வாபஸ் வாங்குங்க" என்று தெய்வாத்தாள் மூன்று முறை கேட்டாள்.

"ஆகட்டும் பாக்கலாம்" என்று மூன்று முறையும் சொன்னார்.

மாசியில், சரக்கு வாங்கும் ஐரோப்பியக் கம்பெனியின் ஆள் சென்னை ஏஜெண்ட் ஷேக் பரீத்தோடு கம்பெனி பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

"அன்னிக்கு ஒரு நா லீவு போட்டுக்குங்க அம்மணி. சம்பளம் புடிக்க மாட்டேன்."

"நீக்குன ஆளுக்கு ஏதுங்க லீவு?"

அன்று அவள் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து பேக்கிங் மேசையின் முன்னால் நின்றாள். லட்சுமணசாமி விருந்தாளிகளைத் துணி வெட்டும் பக்கமாகத் தள்ளிக்கொண்டுபோகப் பார்த்தார். வெள்ளைக்காரர் மேசைக்கே வந்துவிட்டார். அவள் பெட்டி கட்டும் வேகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"உங்க பேரு என்னன்னு கேக்கறாரும்மா" என்றார் ஷேக் பரீத்.

"தெய்வாத்தாளுங்க. மொதலாளி அனுப்புன கடுதாசியில இருக்குமுங்க. பையிலிருந்தா எடுத்துப் படிச்சுக் காட்டுங்க."