பின்பக்கத்தால் மூச்சுவிடும் திருடன்

என் அத்தை அலங்கார மீன் வளர்ப்பவள். வீட்டுக்குப் பின்னால், ஒரு கார் நிற்கும் அளவுக்கு அவளுக்கு ஒரு சிமெண்டுக் குளம். மாமாவின் கண்ணுக்கு அது குளமே இல்லை. கார் நிறுத்த வேண்டிய இடத்தில் யாரோ தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள்.

மாமா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஆயுள் முழுக்க ஊரார் வண்டியை ஓட்டியவர், இப்போது சொந்தக் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு ஜன்னலோரம் காவல் இருந்தார். போன வருஷம் அத்தையின் குஞ்சுகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. இந்த வருஷம் மாமா அளவு டேப்பும் கையுமாகக் குளத்தங்கரைக்கு வந்தார்.

"இந்தத் தடவை குஞ்சு விரல் நீளம் வளர்ந்தா குளம் உன்னோடது. இல்லன்னா மண்ணைக் கொட்டி மூடிடுவேன்."

"வளரும். நீங்க டேப்பை உள்ள வைங்க."

ஆனால் குஞ்சுகள் காணாமல் போயின. அத்தை வலைபோட்டுக் குற்றவாளிகளை அள்ளினாள். மல்லாந்து படுத்துத் துடுப்புப் போடும் பூச்சி. வால்குழாயை நீருக்கு மேல் நீட்டி மூச்சு வாங்கும் நீர்த்தேள். முதுகு நிறைய முட்டை சுமந்த ஒரு தட்டைப்பூச்சி.

"பாவம், தாய்ப்பூச்சி," என்றேன்.

"அப்பன்டா. பொண்டாட்டி இவன் முதுகுல முட்டைய ஒட்டிவிட்டுட்டுப் போயிட்டா. பூச்சிக்கு இருக்கிற பொறுப்பு..."

"ஆரம்பிச்சுட்டா," என்றார் மாமா.

மீன் வளர்ப்பவர்களிடம் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. குஞ்சுகளைத் தொட்டிக்கு மாற்றிவிட்டு, எண்ணெயையும் சோப்பையும் கலக்கிக் குளத்தில் விடுவார்கள். மேலே வந்து மூச்சு வாங்கும் பூச்சியெல்லாம் அந்தப் படலத்தில் திணறிச் சாகும். அப்படியே செத்து மிதந்தன. அத்தை படலத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, கொஞ்சம் பொறுத்து, குஞ்சுகளைத் திரும்ப விட்டாள்.

அப்படியும் குறைந்துகொண்டே வந்தன. மாமா விசிலடித்தபடி குளத்தை அளந்தார். நான் பூனை, குழாய்த் தண்ணீர், என் கை சோப்பு என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். அத்தை மட்டும் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து தண்ணீரையே முறைத்தாள்.

கடைசியில் பிடித்தாள். அடிச்சேற்றில் சேறாகவே கிடந்த ஒன்று, மடித்து வைத்திருந்த கீழ்த்தாடையைக் கைபோல நீட்டி ஒரு குஞ்சை வாய்க்குள் இழுத்தது. தும்பியின் பிள்ளை.

"கொசுவைத் திங்கட்டும்னு தும்பி உட்காரக் குச்சி நட்டு வச்சதே நான்தான். உட்கார்ந்தவ சும்மா போகாம பிள்ளையப் பெத்து விட்டுட்டுப் போயிருக்கா!"

"எண்ணெய்க்கு எப்படித் தப்புச்சு?" என்றார் மாமா.

"மூச்சுக்கு மேல வந்தாத்தானே? பின்பக்கத்தால தண்ணிய இழுத்து மூச்சு விடுது. அவசரம்னா அதே வழியாப் பீச்சியடிச்சுட்டுப் பறக்குது."

"என் பழைய பஸ்ஸும் அப்படித்தான் ஓடுச்சு."

அத்தை சமையலறைச் சல்லடையால் சேற்றை அலசி அத்தனையையும் பொறுக்கினாள், குச்சிகளைப் பிடுங்கினாள். மிஞ்சிய குஞ்சுகள் ஒரு கைப்பிடி. அவை விரல் நீளம் வளர்ந்தன.

"இம்புட்டுத்தானா? செல்லாது!"

"நீளத்தைத்தானே சொன்னீங்க? எத்தனைன்னு கேட்டீங்களா?"

மாமா கோபமாகத் தெருவுக்குப் போனார். அத்தையும் நானும் பின்னாலேயே போனோம். அங்கே, துடைத்துப் பளபளத்த காரின் மேல் ஒரு தும்பி வாலால் குத்திக் குத்தி எழுந்தது.

"என் வண்டிய ஏன்டி குத்துது?"

"முட்டை போடுது. தண்ணின்னு நினைச்சுடுச்சு."

"கூறுகெட்ட ஜென்மம்! காரைப் பார்த்தா குளம் மாதிரியா இருக்கு?"

"குளத்தைப் பார்த்தா கார் ஷெட் மாதிரி தெரியுறவரு கேக்குறாரு!"

மாமா டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். குளம் இன்னும் இருக்கிறது. கார் தெருவில்தான் நிற்கிறது, தும்பிக்குப் பயந்து பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு.