சுண்ணாம்புத் தெளிவு

என் மூச்சு திருட்டு மூச்சு என்று சொன்னவர் என் மாமா. அம்மாவின் உடன்பிறந்த தம்பி. ரசாயனம் படித்தவர், எங்கள் இரண்டு குடும்பத்திலும் பட்டம் வாங்கிய ஒரே ஆள். இன்றும் அவர் வந்தால் நான் எழுந்து நிற்கிறேன். எழுந்து நிற்கிற இந்தக் கால்கள் மீதே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. நெடுங்காட்டுப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது வரைதான். ஆறாவதுக்குக் காரைக்காலில் மாமா வீட்டில் தங்கிப் படிப்பதாக ஏற்பாடு. "அக்கா மவன நான் படிக்க வைக்காம வேற யாரு படிக்க வைப்பா?" என்று நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்தவரும் அவர்தான். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போதே இரண்டு சட்டையோடு என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். நான் வந்தது அத்தைக்குப் பிடிக்கவில்லை. சோறு போடும்போது கரண்டி சட்டியில் இடிக்கிற சத்தத்திலேயே அது தெரியும்.

மூன்றாம் நாள் மாமாவின் கைக்கடிகாரத்தைக் காணவில்லை. பிரான்சில் இருக்கும் அத்தையின் அண்ணன் கொடுத்தது. அத்தை வீட்டையே புரட்டிப்போட்டாள். மாமா பதறவில்லை. சாயங்காலம் என்னைக் கடைக்கு அனுப்பி வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கி வரச் சொன்னார். அந்த வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை. எதற்கு என்று கேட்கிற பழக்கம் எனக்கு அப்போதே கிடையாது. வாழைச் சருகில் மடித்துக் கொடுத்ததை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தேன். அதை ஒரு செம்புத் தண்ணீரில் கரைத்து மூடி வைத்தார்.

மறுநாள் காலை கூடத்தில் மூன்று கண்ணாடித் தம்ளர்கள். மூன்றிலும் பளிங்கு போலத் தண்ணீர். மாமாவின் மகன், மகள், நான். ஆளுக்கொரு பப்பாளி இலைக் காம்பைக் கொடுத்தார்.

"மனசுல பொய் இருந்தா மூச்சுல வந்துரும். எடுத்தவன் ஊதுனா தண்ணி வெளுத்துரும். இது சயின்ஸு."

மகன் ஊதினான். குமிழிதான் வந்தது. மகள் சிரித்துக்கொண்டே ஊதினாள். அவளுக்கும் குமிழிதான்.

"ஊது மாப்ள," என்றார் என்னிடம்.

ஊதினேன். காம்பு வழியாக ஒரு சொட்டு ஏறி நாக்கில் சுரீரென்றது. பயந்து நிறுத்தினேன். "இன்னும் ஊதுடா." ஊத ஊதத் தண்ணீர் மங்கியது. பிறகு அரிசி களைந்த தண்ணீர் போல வெளுத்தே விட்டது.

"நான் சொன்னப்ப என்னத்தானே கடிஞ்சீங்க! இப்பப் பாருங்க," என்றாள் அத்தை.

"நான் எடுக்கல மாமா."

"நீ சொல்றதக் கேக்கவா, தண்ணி சொல்றதக் கேக்கவா?"

தண்ணீருக்கு என்மேல் என்ன பகை? எனக்கே தெரியாமல் எடுத்திருப்பேன் என்று நம்பினேன். என் டவுசர் பையை நானே வெளியே இழுத்துப் பார்த்தேன். பிறகு, எழுதக் கை கூசுகிறது, "ஆமா" என்றேன். "எங்கடா?" என்றதற்கு அரசலாற்றில் போட்டுவிட்டேன் என்றேன். ஆற்றில் போய்த் தேடமாட்டார்கள் என்று தோன்றியது.

மதியமே அப்பா வந்தார். காலில் வயல் சேறு காய்ந்திருந்தது. "மனசுல வச்சுக்காதீங்க மச்சான்," என்று தன்னைவிடச் சின்னவரிடம் கும்பிட்டுச் சொன்னார். பேருந்தில் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "நம்ம ஊரு கொளத்துல ஊதுனா கொளமும் வெளுத்துருமாப்பா?"

"வாய மூடிக்கிட்டு வா," என்றார்.

மூடினேன். திருட்டுப் பட்டம் வாங்கியவனை வேறு எந்த உறவுக்காரர் வீட்டில் விட முடியும்? பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் அப்பாவோடு வயலில் நின்றேன்.

அந்தத் தையில் மாமா பொங்கல் சீர் கொண்டு வந்தார். கரும்பு, மஞ்சள் கொத்து, அம்மாவுக்குப் புடவை. கையில் அதே கடிகாரம்.

"ஆத்துல போட்டது நீந்தி வந்துருச்சு மாப்ள! அலமாரிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கான், கள்ளப்பய."

எல்லோரும் சிரித்தார்கள். சீரை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். கிடைத்துவிட்டதே, பையனைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பலாமே என்று ஒரு வாய் சொல்லவில்லை.

இப்போது கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறேன். மகள் ஏழாவது படிக்கிறாள். போன மாதம் பள்ளிக்கூடத்து வேலை என்று சுண்ணாம்பைக் கரைத்து, தெளிய வைத்து, மேலாகத் தம்ளரில் ஊற்றினாள். அவள் ஊதினாள். வெளுத்தது.

"என்னம்மா எடுத்த?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னப்பா எடுத்தேன்? யாரு ஊதுனாலும் வெளுக்கும்பா. தின்ன சோறு உள்ள எரிஞ்சு மூச்சா வெளிய வருதுல்ல? சோத்துல இருக்கறதும் நீங்க தார்ப்பா கட்டுற கரியும் ஒண்ணுதான். கிளிஞ்சலச் சுட்டுத்தானே சுண்ணாம்பு செய்றாங்க? நம்ம மூச்சு பட்டா அது திரும்பக் கிளிஞ்சல் மாவாயிரும். வெறும் தண்ணில ஊதுனா ஒண்ணும் ஆவாது."

அவள் அம்மாவும் ஊதினாள். வெளுத்தது. நான் ஊதவில்லை. வாசலுக்குப் போய் நின்றேன். பையனை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று அக்காவிடம் சொல்லத் துணிச்சல் இல்லாத மனிதர், படித்த படிப்பை எடுத்து ஒரு பத்து வயதுப் பிள்ளையின் வாயில் வைத்திருக்கிறார்.

அன்று மூன்று பிள்ளைகளும் உயிரோடுதான் இருந்தோம். மூன்று பேரும் மூச்சு விட்டோம். தெளிந்தபடியே நின்ற அந்த இரண்டு தம்ளர்களில் என்ன இருந்தது என்றுதான் கேட்டிருக்க வேண்டும். நான் வெளுத்த தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.