இருபத்தைந்து நாவல் பெற்ற தாய்

தண்ணீர் வாரிய அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர் அவர். குழாயில் காற்று வருகிறது, கலங்கல் வருகிறது என்று ஊரார் புலம்புவதையெல்லாம் பகல் முழுக்கப் பதிவேட்டில் ஏற்றுவார். மாலையில் வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் தாயாகிவிடுவார். ஒரு பெண் பெயரில், மாதம் ஒரு குடும்பக் காதல் நாவல். "மீசை வச்ச ஆளு தாய்மையைப் பத்தி எழுதினா எவ வாங்குவா?" என்று பதிப்பாளர் முதல் நாளே கேட்டுவிட்டார். கேள்வி அவருக்கும் நியாயமாகத்தான் பட்டது. மீசையை எடுப்பதைவிடப் பெயரை மாற்றுவது சுலபம்.

அவர் நாவல்களில் பிரசவம் மூன்று வரியில் முடிந்துவிடும். பிறந்த கையோடு குழந்தை சிரிக்கும். தப்பித்தவறி அழுதால் கதாநாயகி ஒரு தாலாட்டை எடுத்துவிடுவாள். இரண்டாம் அடிக்குள் அது தூங்கியாக வேண்டும், ஏனென்றால் கதாநாயகன் பூனைபோல் வந்து அவள் தோளில் சால்வை போர்த்தக் காத்துக்கொண்டிருப்பான். கக்கிய குழந்தை ஒன்றுகூட அவர் எழுத்தில் கிடையாது. "அக்கா, உங்களை மாதிரி ஒரு தாய் எனக்கு வாய்க்கலையே" என்று வாசகிகள் உருகி உருகிக் கடிதம் எழுதினார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய சொந்தக் குழந்தை, எட்டு மாதக் குண்டு, வீலென்று கத்தினால் மட்டும் இந்தத் தாய்க்குக் கோபம் வந்துவிடும். "தாய்மையைப் பத்தி எழுதிட்டிருக்கேன், கொஞ்சம் சத்தம் இல்லாம பாத்துக்கக் கூடாதா?" என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பார். மனைவி அந்த நாவல்களில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

இருபத்தைந்தாவது நாவலுக்கு விழா என்றார் பதிப்பாளர். "இந்தத் தடவை எழுத்தாளர் மேடைக்கு வந்தே ஆகணும். வரலேன்னா இப்படி ஒரு ஆளே கிடையாதுன்னு பேச்சு கிளம்பிடும். அப்புறம் இருபத்தாறாவது நாவல் இல்ல, பாத்துக்குங்க." அந்த எழுத்தும் போனால் எழுத்தருக்கு வாழ்க்கையில் மிஞ்சுவது கலங்கல் தண்ணீர் மட்டும்தான். வெட்கத்தை விட்டு மனைவியிடம் போய் நின்றார்.

"எனக்குப் பதிலா நீ போய் உக்காந்தா போதும். ஏதாவது கேட்டா பொதுவா சொல்லிடு."

"சரிங்க. பிள்ளையை யாரு பாத்துப்பா?"

"நான் பாத்துக்கறேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குழந்தையின் பையை அடுக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அரங்கம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் மடியில் குண்டுடன் அவர். மேடையில் மனைவி. முதல் கேள்வியே வில்லங்கமாக வந்தது. "பிள்ளையையும் வச்சுக்கிட்டு எப்ப அக்கா எழுதறீங்க?"

"எழுத எனக்கு ஏதுங்க நேரம்?" என்றாள் மனைவி. "முழிச்சிருந்தா பிள்ளை, தூங்கினா துணி. குளிக்கப் போனாக்கூட வெளிய அழுகை கேக்கும். சில நாள் நானும் உள்ள நின்னு அழுதுட்டு, முகத்தைக் கழுவிட்டு வந்துடுவேன்."

குட்டு உடைந்தது, கதை முடிந்தது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் எழுந்தது கைதட்டல். "எழுத நேரமே இல்லையாம்! என்ன ஒரு அடக்கம்!" என்று முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவருக்கு வந்தது நிம்மதிகூட இல்லை, பொறாமை. இருபத்தைந்து நாவலில் இப்படி ஒரு வரி தனக்கு விழவில்லையே! இருபத்தாறுக்கு ஆகும் என்று, குழந்தையைப் பக்கத்து நாற்காலிப் பெண்மணியின் மடியில் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். 'முகத்தைக் கழுவிட்டு' வரைக்கும் எழுதியிருப்பார், குண்டு தொண்டையைத் திறந்தது. பதறிப்போய் வாங்கித் தன் நாவல் தாலாட்டையே பாடிப் பார்த்தார். அழுகை இன்னும் ஏறியது.

மேடையில் மனைவி பேச்சை நிறுத்தினாள். "பசி இல்லைங்க, ஈரம்" என்றாள் மைக்கில். "பையோட பக்கத்து ஜிப்புல துணி இருக்கு." அரங்கமே சிரித்துக் கைதட்டியது. முதலில் தட்டியவர் பதிப்பாளர். இனி யாருக்கும் சந்தேகம் வராது.

வராந்தா பெஞ்சில் குழந்தையைப் படுக்க வைத்து, துணியை முக்கோணமாக மடிப்பதா, சதுரமாகவா என்று அவர் திண்டாடிக்கொண்டிருந்தார். பின்னாலேயே வந்த பக்கத்து நாற்காலிப் பெண்மணி அதைப் பிடுங்கிக் கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டிவிட்டாள்.

"அக்காவோட வீட்டுக்காரரா?"

"ஆமாங்க."

"அவங்க புத்தகம் ஒண்ணாவது படிச்சிருக்கீங்களா?"

"இருபத்தஞ்சும் படிச்சிருக்கேங்க" என்றார், கொஞ்சம் நிமிர்ந்து.

அவள் குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். "அப்ப, அவங்க குளியலறையில நின்னு அழறது உங்களுக்குத் தெரியும்தானே? அந்த நேரத்துல பிள்ளையை நீங்க ஏன் தூக்கலை?"

குண்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"தெரியாதுங்க" என்றார். "இன்னைக்குத்தான் கேட்டேன்."