மாட்டு முடிச்சில் கட்டிய படகு

படகில் ஊர் சுற்றுகிறவர்களைப் போன்ற வெட்டி மனிதர்களை நான் பார்த்ததில்லை. மூன்று துறைமுக ஊர்களுக்குப் போனோம். மூன்றிலும் பார்த்தது கரண்ட் பிளக், தண்ணீர்க் குழாய், குளியலறை வாசலில் துண்டும் சோப்புமாக ஒரு வரிசை. எங்கள் மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து சேந்தமங்கலம் பஸ் ஏறுகிறவன் இதைவிட அதிகம் பார்ப்பான். அரைக்கால் சட்டைக்காரர்கள் படகை நிறுத்தியதும் பக்கத்துப் படகு எத்தனை அடி என்றுதான் விசாரிப்பார்கள். உப்புக்குப் பெறாத பேச்சு.

என்னைக் கூட்டிப்போன ஆளும் அந்த ரகம்தான். மகள் எங்களைக் கேட்காமல் கட்டிக்கொண்ட கடற்கரைக்காரர். இரண்டு வருடமாக அவரை வீட்டுப் படி ஏற்றவில்லை. ஒரு வாரம் எங்களோடு படகில் வாருங்கள், பொங்கலுக்கு எங்களைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்யுங்கள் என மகள் கெஞ்சினாள். என் முடிவு மலை இறங்கும்போதே தயார். வேண்டாம்.

மூன்றாவது ஊரில், காலையில் கடல் நிறைந்து தளும்பிய நேரத்தில், கல் துறையில் படகைக் கட்டினார். கயிறு தொளதொளவென்று கிடந்தது. மாட்டைத் தும்பு நீளமாக விட்டுக் கட்டினால் அடுத்தவன் வெள்ளாமையில் வாய் வைக்கும்; இதுகூடத் தெரியாத ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் முன்னால் கடைவீதிக்கு நடக்க, நான் பின்தங்கி, கயிறுகளை இழுத்துக் குறுக்கி என் முடிச்சைப் போட்டேன்.

எங்கள் பக்கம் தண்ணீர் மழைக்கு ஏறும், கோடைக்கு வற்றும். கடல் அரை நாளில் ஆள் உயரம் இறங்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

திரும்பி வந்தபோது படகு சாய்ந்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு கட்டும் இரும்பு ஒன்று பலகையோடு பிய்ந்திருந்தது. எந்த மடையன் கட்டினான் என்று துறைக் காவலாளி கத்தினார். நான் மகளுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவமானம்.

கடற்கரைக்காரர் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டே, "நான்தான் கட்டினேன், கவனிக்கல" என்றார்.

மகள் முடிச்சைப் பார்த்தாள். சின்ன வயதில் அவளுக்கு அதைப் போடச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

படகுக்காரர்களைப் பற்றிய என் கருத்து இன்றும் மாறவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவரிடம் போய் உட்கார்ந்தேன்.

"பொங்கலுக்கு ஊட்டுக்கு வாங்க மாப்பிள்ளை. மாட்டை மட்டும் நான் கட்டிக்கறனுங்க."