ஐஸ் நேரத்துப் பாட்டுக்காரி

இத்தாலியில், பார்மா நகரத்து ஓபரா என்ற பாட்டு நாடக அரங்கில் எர்சீலியாவுக்குப் பத்தொன்பது வருடமாக ஒரே வேலைதான்: சனங்கள் எலுமிச்சை ஐஸ் தின்னும் நேரத்தில் பாடுவது. இரண்டாம் அங்கத்தின் நடுவே ஐஸ் கிண்ணங்கள் வரும். பெரிய பாடகி இளைப்பாற உள்ளே போவாள். எர்சீலியா வந்து நிற்பாள். கரண்டிச் சத்தத்தில் அவள் பாடினாளா, கொட்டாவி விட்டாளா என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். மேடையின் முன்னால் குழிக்குள் உட்கார்ந்து வரி எடுத்துக் கொடுப்பவன் நான். அருமையான குரல், கண்ணராவி நேரம்.

அந்தப் பத்தொன்பதாம் வருடம் ஒரு பழைய சோக நாடகத்தை ஓபராவாக்கக் கவிஞர் கலிஸ்தோ வந்து சேர்ந்தார். ராணி கோப்பையில் விஷம் வைக்கிறாள், ராஜா குடித்துச் சாகிறான். விஷம் வைப்பதை மேடையில் காட்டுவதில்லை. தாதி ஓடிவந்து எச்சரிக்கும்போதுதான் நமக்கே தெரியும். ராஜா அவளை நம்பமாட்டான். கதையின் உயிரே அதுதான். ஆனால் பெரிய பாடகிக்கு மூன்று பாட்டு, ராஜா வேடக்காரன் வெனான்சியோவுக்கு மூன்று. ஒன்று குறைந்தாலும் இருவரும் மூட்டை கட்டிவிடுவார்கள். கவிஞர் வெட்டினார், ஒட்டினார். தாதியின் சேதி கடைசியில் எங்கே போய் விழுந்தது? ஐஸ் நேரத்தில், எர்சீலியாவின் வாயில்!

எர்சீலியா என்னிடம் ஓடி வந்தாள். "அண்ணே, இந்த ஒரு தடவையாவது என் பாட்டு நாலு பேர் காதுல விழணும்ணே. கவிஞர்கிட்ட சொல்லுங்களேன்."

சொன்னேன். கலிஸ்தோ எகிறினார். "ஐஸை நிறுத்தச் சொல்றியா? கட்டடத்தையே கொளுத்திருவாங்கய்யா!"

அரங்கேற்றத்தன்று அவள் தொண்டை கிழியப் பாடினாள், கோப்பையில் விஷம் விஷம் என்று. "இங்க இன்னொரு கிண்ணம்!" என்றது சபையிலிருந்து ஒரு குரல். பாவம், அழுதுகொண்டே உள்ளே போனாள்.

மூன்றாம் அங்கத்தில் வெனான்சியோ குடித்தான், விழுந்தான். சபை விழித்தது.

"யோவ், நல்லாத்தானே இருந்தான்? எதுக்குய்யா செத்தான்?"

"மாரடைப்பா இருக்கும்!"

கூச்சலில் வாத்தியங்கள் நின்றுவிட்டன. எர்சீலியா விறுவிறுவென்று மேடைக்கு வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"நாந்தான் அப்பவே தலைதலையா அடிச்சிக்கிட்டேனே! நீங்க ஐஸை நக்கிக்கிட்டு இருந்தீங்க!"

பிறகு மேல்மாடத்திலிருந்து செருப்பு தைக்கும் தோனினோவின் குரல் வந்தது: "சரிம்மா, கோவிச்சுக்காத. இப்பச் சொல்லு, கேக்குறோம்."

பாடினாள். ஆயிரம் பேரில் ஒருத்தர்கூட இருமவில்லை. நான் வரி எடுத்துக் கொடுக்க மறந்தேன்; அவளுக்கும் தேவைப்படவில்லை. பாடி முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. என் முதுகுக்குப் பின்னால் முன்வரிசை அம்மாள் ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிணத்தைப் பார்த்துக் கத்தினாள்:

"கேட்டியாடா பாவி? எழுந்திரு! குடிக்காத!"

"குடிக்காத! குடிக்காத!" என்றது சபை முழுவதும்.

திரையோரத்தில் கலிஸ்தோ, "ஐயோ, படுய்யா! படு!" என்று கையை ஆட்டினார். வெனான்சியோ ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். எர்சீலியாவையும் பார்த்தான். எழுந்தான். கோப்பையில் இருந்த மிச்சத்தைத் தரையில் கொட்டினான்.

"நீ சொன்னா சரிதாம்மா" என்றான்.