டைல்ஸுக்குப் பின்னால் போன பெயர்

பெங்களூருக்குப் பக்கத்தில் ஆனேக்கல்லில் எங்கள் தெருவில் ஒரு கணக்கு வாத்தியார் குடியிருந்தார். ஒல்லியான ஆள், கழுத்தில் எப்போதும் மப்ளர். இந்தச் சீமையின் வரலாற்றுப் புத்தகம் ஒன்றை, தூறலுக்குப் பயந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கக்கத்திலேயே வைத்திருப்பார். எந்தப் பழைய கல்லையும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொடுவார்.

கார்த்திகை தீபத்துக்குள் தெருமுனை அம்மனுக்கு டைல்ஸ் ஒட்டிவிட வேண்டுமென்று நாங்கள் மேஸ்திரியை அழைத்திருந்தோம். அம்மனுக்குச் சுற்றியிருந்த புடவையை எடுத்துவிட்டு எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டியபோது, கல்லின் அடியில் எழுத்துகள் தெரிந்தன. வாத்தியார் ஓடி வந்து, எழுத்து எடுப்பாகத் தெரிய, கோலமாவை அள்ளி அதில் தேய்த்தார்.

“அக்கா, இது அம்மன் இல்ல. மாடு மீட்கப் போயி செத்த வீரன். பாருங்க, கையில வில்லு. கீழ அவன் பேரு இருக்கு.”

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். “அப்போ இத்தன வருஷம் நாங்க யாரக் கும்பிட்டோம் சார்?”

“அவனத்தான். எழுத்து இருக்கிற எடத்த மட்டும் விட்டுடச் சொல்லுங்கக்கா.”

மேஸ்திரியிடம் சொன்னேன். “அம்மனுக்கு மீசை வைக்கப் பாக்குறாரா உங்க வாத்தியாரு?” என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார்.

“சார், ஸ்வல்ப... கொஞ்சம் தள்ளுங்க. கலவை இறுகிடும்” என்றார் மேஸ்திரி.

வாத்தியார் விரல் வைத்து எழுத்துக்கூட்டினார். “ஸோ... ம...” அதற்குமேல் டைல்ஸ் வந்து உட்கார்ந்துவிட்டது. மாவு படிந்த விரலைத் துடைக்காமலே அவர் எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது தாயே என்றுதான் இன்றும் கூப்பிடுகிறேன். கூடவே அவர் படித்த இரண்டு எழுத்தையும் சொல்லிவைக்கிறேன். மீதியைச் சாமிதான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.