சூரியனுக்குப் பந்தல் போட்ட மைத்துனர்

சென்ற ஞாயிறன்று செங்கல் என்ற ஊருக்குச் சென்றிருந்தேன். மைத்துனர் தங்கராஜின் மகள் பிரேமா, பிறந்த குழந்தையோடு அன்று காலைதான் மருத்துவமனையிலிருந்து தாய்வீடு வந்திருந்தாள்.

வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவன் திகைத்தேன். மொட்டைமாடியில் புத்தம்புதிய சோலார் வெந்நீர்க் கருவி. அதன் கண்ணாடித் தகட்டை மூடித் தென்னையோலை! வெயிலுக்கென்றே வாங்கிய கருவிக்கு நிழல் எதற்கு?

"முதல் நாளே குழாயில வந்த வெள்ளம் கையைப் பொள்ளிச்சு, அத்தான். பெத்த உடம்பு தாங்குமா? அதுக்காக்கும் ஓலை. இப்பம் தொட்டுப் பாருங்கோ... பால் சூடு!" என்றார் தங்கராஜ், பெருமையோடு.

குளிப்பதற்குத் துண்டெடுத்து வந்த பிரேமா அப்படியே நின்றாள். அவள் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிப்பவள்.

"எப்பம் போட்டிய அப்பா?"

"நீ ஆசுபத்திரிக்குப் போன அன்னைக்கு, மக்கா. ஒருத்தரும் குழாயைத் தொறக்கல. ஒனக்காக்கும் வச்சிருக்கேன்."

"நல்லா வச்சிய! கிருமிக்குல்லா விருந்து வச்சிருக்கிய!"

இளஞ்சூட்டு நீர் நாட்கணக்கில் தேங்கினால் லீஜியோனெல்லா என்னும் பாக்டீரியா அதில் பெருகக்கூடுமாம். ஷவரில் தெறிக்கும் நுண்துளிகளை மூச்சோடு இழுத்தால் நிமோனியா வரலாம். பச்சிளங்குழந்தை உள்ள வீட்டில் அந்த அபாயம் வேண்டுமா?

தங்கராஜின் முகம் வெளிறியது. "அப்பம் முதல்ல நான் குளிச்சுப் பாக்கியேன்!" என்று துண்டைப் பறித்தார்.

"எதுக்கு? ஒங்களுக்கும் நெஞ்சு உண்டுல்லா?" என்று மகள் துண்டைத் திரும்பப் பிடுங்கினாள்.

மறுநிமிடம் அவர் மாடியில் இருந்தார். ஓலைகள் முற்றத்தில் வந்து விழுந்தன. தகடு வெயில் காய்ந்தது. தொட்டிக்குள்ளிருந்த மின்சூடேற்றியையும் இயக்கினோம். தொட்டியில் பொருத்தியிருந்த வெப்பமானி அறுபது டிகிரியைத் தாண்டியபின் நெடுநேரம் அப்படியே விட்டோம். பிறகு ஷவர்த் தலையைக் கழற்றி, ஜன்னல்களைத் திறந்து, சுடுநீரைத் தெறிக்காமல் குழாய் வழியே ஓடவிட்டோம். அன்று தாய்க்கும் சேய்க்கும் அடுப்பில் கொதித்து ஆறிய நீர்தான்.

நமக்கு இதமாக இருப்பது கிருமிக்கும் இதமாகவே இருக்கிறது — என்ன செய்வது? தொட்டியில் நன்றாகச் சுடட்டும். தண்ணீர் கலந்து ஆற்றுவதைக் குழாயடியில் வைத்துக்கொள்ளலாம். மழைநாளில் மின்சூடேற்றியை மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மறுநாள் பிரேமா அச்சமின்றிக் குளித்தாள். தங்கராஜோ, குழந்தையைப் பார்க்க வருவோரையெல்லாம் முதலில் மாடிக்கு அழைத்துச் சென்று வெப்பமானியைக் காட்டுகிறாராம்.

காய்ச்சல் அடிக்க அந்த வீட்டில் அனுமதி பெற்றிருப்பது இப்போது தொட்டி ஒன்றுதான்!